4 மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் போச்சு: ஓஸா, தண்ணீரா?

கிணற்றடி
வியாழன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். இதை ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. இன்று காலை தொட்டியில் கடைசி ஏஞ்சல் மீனும் செத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

சொந்த ஊர் திருவட்டார். வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டு, பச்சை ஓஸை நேராகத் தொட்டிக்குள் விட்டு 11 வருஷம் மீன் வளர்த்தவன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் பாட்டிலைக் கடையில் பார்த்திருக்கிறேன், வாங்கியது கிடையாது. “நம்ம கிணத்து வெள்ளத்துல கருவாட்டப் போட்டாலும் நீந்தும்லேய்” என்பது அப்பாவின் பேச்சு (எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்).

மகளின் பள்ளிக்கூடத்துக்காக இந்த ஆனியில் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் வாடகைக்கு வந்தோம். தொட்டியும் கூடவே வந்தது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; கூழாங்கல் போக 140 லிட்டர் பிடிக்கும். ஏஞ்சல் 4, கறுப்பு டெட்ரா 8, மோலி 6, நீல கௌராமி 2, டேங்க் கிளீனர் மீன் 1. பெரிய ஏஞ்சலுக்கு மகள் வைத்த பெயர் பப்படம். தட்டையாக, வட்டமாக, ஓரம் மட்டும் பொன்னிறமாக இருக்கும். வேறு என்ன பெயர் வைப்பது.

இந்த வீட்டில் லைன் தண்ணீர் 4 நாளைக்கு ஒருமுறை வரும். அது சம்ப்பில் விழுந்து, மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். ஞாயிறுதோறும் காலையில் மீன் தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, சமையலறைப் பின்பக்கத்துக் குழாயில் ஓஸ் மாட்டி நிரப்புவேன். 4 மாதம் இப்படித்தான் செய்தேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை, மோலி இரண்டு தடவை குட்டி போட்டது.

போன ஞாயிறும் அதே வேலைதான். ஒரே மாற்றம், ஓஸ் புதுசு. பழையது வீடு மாறும்போது மடங்கி ஒடிந்துவிட்டது, அதையே சுற்றிச் சுற்றி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதான் 15 மீட்டர் புதிதாக வாங்கினேன். பிளாஸ்டிக் வாடை நன்றாகவே அடித்தது. அன்றைக்கென்று மோட்டாரும் மக்கர் செய்தது. கன்டென்சர் போயிருக்கும் என்று மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார். மாடித் தொட்டி காலி. நல்லவேளை, அன்று லைனில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் ஓஸை மாட்டி வேலையை முடித்தேன். இருக்கட்டும் என்று ஃபில்டர் பஞ்சையும் அந்தக் குழாயிலேயே பிழிந்து, வெள்ளை வெளேரென்று அலசி மாட்டினேன்.

தொட்டி நிறைவதற்குள்ளேயே டெட்ராக்கள் கண்ணாடியில் முட்டித் துள்ள ஆரம்பித்தன. அப்புறம் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. மதியத்துக்குள் 13 செத்தன: 3 ஏஞ்சல், 7 டெட்ரா, 3 மோலி. மிச்சம் தேறிவிடும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது, அன்று 2 மோலி. நேற்று கடைசி டெட்ரா. இன்று காலை பப்படம். மகள் என்னிடம் பேசாமலே பள்ளிக்கூடம் போனாள்.

17 மீன் போய்விட்டன. 2 கௌராமி, 1 மோலி, டேங்க் கிளீனர் மட்டும் இருக்கின்றன. புது ஓஸில் ஏதாவது விஷம் உண்டா? ஓஸைத் தூக்கிப் போடலாமா? அப்பா வாராவாரம் கிணற்று வெள்ளத்தை கேன்களில் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். கண்டக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. அதையே செய்துவிடலாமா?


குளச்சல் குப்பி
வியாழன் இரவு

ஆன்டி குளோரின் போடாமல் குழாய்த் தண்ணீர் விட்டால் இதுதான் நடக்கும் அண்ணே. ஒரு பாட்டில் வாங்கிப் போடுங்கள், ஒரு கைப்பிடி கல்லுப்பு, கொஞ்சம் நீல மருந்து (மெத்திலீன் புளூ). சரியாகிவிடும்.


கிணற்றடி

தம்பி, 4 மாதமாக அதே லைன் தண்ணீரைத்தான் ஒன்றும் போடாமல் விட்டேன். குளோரின்தான் கொன்றது என்றால் ஆடியில் கொன்றிருக்க வேண்டாமா? அதனால்தான் ஓஸ் மேல் சந்தேகம்.


பழைய ஆபரேட்டர்
வெள்ளி காலை

தம்பி, ஓஸைத் தூக்கிப் போடாதீர்கள். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது: கேட்டுக்குப் பக்கத்துக் குழாய்.

நான் தக்கலைப் பக்கம். 22 வருஷம் பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்தேன். காலை 5 மணிக்கு வால்வு திறக்கிறவன். மீன் வளர்ப்பும் அங்கேதான் தொற்றியது, பம்ப் ரூமில் ஒரு பழைய ஐஸ் பெட்டியில் கப்பி விட்டிருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் போட்ட கணக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பை அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவோம். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். அப்படியானால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் போல உள்ளே போகிறது. குழாய்க்குள் கிடக்கும் பாசியும் மண்ணும் அதில் ஒரு பகுதியைத் தின்னும். அதற்குப் பிறகும் கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், அது குடிநீருக்கான தர அளவு. கடைசி வீட்டில் அவ்வளவு மிஞ்ச வேண்டுமானால் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் மீன் சாகும், இன்னொரு வீட்டில் சாகாது. இரண்டு வீட்டுக்காரரும் வந்து என்னிடம்தான் சண்டை போடுவார்கள்.

மழை பெய்து தண்ணீர் கலங்கினால் அளவு கூடும். எங்காவது வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டாலும் கூடும். கூட்டத்தான் வேண்டும், குடிப்பது மனிதர்கள். போன வாரம் ஐப்பசி மழை எப்படிக் கொட்டியது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 4 மாதமும் மீனுக்குப் போனது லைன் தண்ணீர்தான், ஆனால் நேராகப் போகவில்லை. முதலில் சம்ப்பில் தடதடவென்று விழுந்தது. அதில் கொஞ்சம் குளோரின் காற்றோடு போயிருக்கும். சம்ப்பின் அடியில் சேறு கிடக்கும், அது கொஞ்சம் தின்றிருக்கும். அப்புறம் மாடித் தொட்டியில் இரண்டு மூன்று நாள் கிடந்தது. மீனுக்கு வந்து சேரும்போது அது ஏறக்குறைய கிணற்றுத் தண்ணீர். நீங்கள் தெரியாமலே சரியாகச் செய்துகொண்டிருந்தீர்கள். ஞாயிறன்று மோட்டார் ஓடாததால் அந்தக் காவல் எல்லாம் இல்லாமல் போனது, லைனில் வந்தது சூடாறாமல் அப்படியே தொட்டிக்குள் போனது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்த தண்ணீர் 70 லிட்டர், மீன் இருந்த தண்ணீர் 70 லிட்டர். கலந்தால் 0.5. நாம் அதைக் குடித்தால் ஒன்றுமில்லை. மீனுக்கு அதில்தான் மூச்சு. 0.05 இருந்தாலே செவுள் வெந்துபோகும். டெட்ரா துள்ளியதும், எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்ததும் அதனால்தான். கௌராமிக்குத் தலைக்குள் காற்றை வாங்கும் தனி உறுப்பு உண்டு. டேங்க் கிளீனர் காற்றை விழுங்கி இரைப்பையால் மூச்சு விடும். செவுள் கெட்டாலும் அவற்றுக்கு வேறு வழி இருந்தது, பிழைத்தன. அந்த ஒற்றை மோலிக்கு ஆயுசு கெட்டி.

செவ்வாய்க்குப் பிறகு செத்தவை வேறு கணக்கு. நீங்கள் பிழிந்த பஞ்சில்தான் மீனின் கழிவை, அதாவது அம்மோனியாவை, தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அதைக் குளோரின் தண்ணீரில் வெள்ளையாக அலசியது, வீட்டைக் கழுவுகிறேன் என்று வேலைக்காரரையும் சேர்த்து வாய்க்காலில் விட்ட மாதிரி. தண்ணீர் பால் போல் ஆனதும் அதனால்தான். பப்படத்தைக் கொன்றது குளோரின் இல்லை தம்பி, அம்மோனியா. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டால் மிச்சம் 4 பிழைக்கும்.

இன்றிலிருந்து 3 நாள் தீனி போடாதீர்கள். பட்டினியால் சாகாது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், பிடித்து வைத்துப் பழசான தண்ணீர் விட்டோ ஆன்டி குளோரின் போட்டோ. பஞ்சைத் தொடாதீர்கள். யாராவது நன்றாக ஓடும் தொட்டி வைத்திருந்தால் அவர்களுடைய அழுக்குப் பஞ்சை வாங்கி உங்கள் தொட்டிக்குள் பிழியுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், அதுதான் மருந்து. இனி பஞ்சைக் கழுவுவதானால் தொட்டியிலிருந்து இறக்கிய பழைய தண்ணீரில் இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும்.

ஆன்டி குளோரின் என்று விற்பதில் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்தான். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள், படம் கழுவ வைத்திருப்பார்கள். பனங்கற்கண்டை உடைத்த மாதிரி இருக்கும். குளோரின் 1 பங்குக்கு அந்தக் கல் 7 பங்கு வேண்டும். நான் 25 கிராம் கல்லைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வைப்பேன், 10 லிட்டருக்கு 1 மில்லி. கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. வாளியில் பிடித்து ஊற்றினால் வாளித் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். ஓஸை நேராகத் தொட்டிக்குள் விட்டால் முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு, தண்ணீரைத் திறக்கும் முன்னாலேயே ஊற்றிவிட வேண்டும். உங்கள் 140 லிட்டருக்கு 14 மில்லி. நிரம்பிய பிறகு ஊற்றுகிறேன் என்பது தீப்பிடித்து முடிந்த பிறகு தண்ணீர் கோருகிற கதை. கடை பாட்டில் என்றால் அதில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

ஓஸ் மேல் இன்னும் சந்தேகம் என்றால், குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்கி, அடுத்த முறை லைன் வரும்போது கேட்டுக் குழாயில் ஓஸ் இல்லாமல் பிடித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள், தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.


கோட்டாறு அக்கா
வெள்ளி மதியம்

ஆபரேட்டர் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஓஸை ஒரேயடியாக நிரபராதி ஆக்கிவிட வேண்டாம், என் வீட்டில் ஓஸ்தான் குற்றவாளி.

நாங்கள் மாடியில் இருக்கிறோம். லைன் பலமாக வருகிற நாளில் மேலே வரை ஏறும். போன வருஷம் ஒருநாள் இப்படித்தான் நேராக ஓஸைத் தொட்டிக்குள் விட்டு, நுனி மிதக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்து அடியில் அமுக்கிவிட்டு, குழம்பைத் தாளிக்கப் போனேன். மருந்தெல்லாம் போட்டாகிவிட்டது, எனக்கு ஒரே பெருமை. திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் சாண் உயரம்கூட இல்லை. லைன் நின்றிருக்கிறது. மேலே இருந்த தொட்டித் தண்ணீரைக் கீழே இருந்த குழாய் திரும்ப உறிஞ்சிவிட்டது. மூன்று பிளாட்டியைக் காணவில்லை. எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது, கீழ்வீட்டில் கேட்க எனக்குத் துணிவில்லை. அவர்கள் அன்றைக்குக் குடிக்கப் பிடித்தார்களா என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதிலிருந்து ஓஸ் நுனியைத் தண்ணீருக்குள் விடுவதே இல்லை. தொட்டி விளிம்புக்கு நாலு விரல் மேலே நிற்கிற மாதிரி ஒரு பழைய துணிக் கிளிப்பால் கவ்வி வைப்பேன். மேலேயிருந்து விழுந்தால் கல்லைக் குடைந்து செடியைப் பிடுங்கிவிடும், அதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையை வேகவைத்து, ஓட்டை போட்டு, நேர் கீழே வைத்திருக்கிறேன். தண்ணீர் சிரட்டையில் விழுந்து நாலு பக்கமும் வழியும். என் பையன் அதை குற்றாலம் என்கிறான்.

இன்னொன்று, வெயிலில் கிடந்த ஓஸ். உள்ளே தேங்கிய தண்ணீர் கொதிக்கும், பாசி நாற்றமும் சேரும். முதலில் அரை நிமிஷம் வாழை மூட்டுக்கு விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்கு. மாடித் தொட்டித் தண்ணீரும் பங்குனி சித்திரையில் மதியத்துக்கு மேல் குளிக்கவே சுடும், மீனுக்குக் கேட்கவே வேண்டாம். விடியற்காலைதான் நல்ல நேரம்.

தண்ணீரை இறக்கும்போது வாயை வைத்து உறிஞ்சுகிறீர்களா? நானும் செய்தேன், ஒரு நாள் டேங்க் கிளீனரின் கழிவு ஒரு மடக்கு உள்ளே போகும்வரை. இப்போது கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற கண்ணாடி மாதிரி டியூப் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். முழுவதையும் தொட்டிக்குள் அமுக்கி காற்றை வெளியேற்றி, ஒரு நுனியை விரலால் அடைத்துக் கீழே கொண்டுபோய் விட்டால் தானாக ஓடும். ஃபில்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடிக் கருகும். இறக்குகிற தண்ணீர் எல்லாம் என் மட்டி வாழைக்குத்தான். போன குலை பார்த்துவிட்டு வீட்டுக்காரரே என்ன உரம் என்று கேட்டார்.

தண்ணீரைப் பிடித்து வைக்கலாம் என்று டிரம்மைத் திறந்து போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நானும் வைத்தேன். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டிரம்மைக் கவிழ்த்துவிட்டுச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். குறை சொல்ல வழியில்லை, புழு நெளிந்ததைப் பக்கத்து வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் வைத்தால் போதும், வலைத்துணி போட்டுக் கட்டுங்கள். ஏர் ஸ்டோன் ஒன்று ஓடினால் இன்னும் சீக்கிரம் குளோரின் போகும்.

தம்பி, வடசேரிதானே? என் தொட்டிப் பஞ்சு 8 மாதமாகக் கழுவாதது. ஞாயிறு வந்தால் ஒரு பஞ்சு பிழிந்து பையில் தருகிறேன். வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.


வெட்டுக்கல்
வெள்ளி இரவு

குலசேகரம் பக்கத்தில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். ஆபரேட்டர் ஐயா விட்டுவைத்த ஒரே இடத்தை மட்டும் தொடுகிறேன்: அப்பா பஸ்ஸில் ஏற்றப்போகும் கேன்.

வேண்டாம் சார். திருவட்டார், குலசேகரம், அருமனை, இந்தப் பக்கமெல்லாம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். என் வீட்டுக் கிணறு பி.ஹெச். 5.8 காட்டுகிறது (7-க்குக் கீழே என்றால் புளிப்பு, மேலே என்றால் காரம்), மழைக்காலத்தில் அதற்கும் கீழே போகும். உங்கள் மீன்கள் 11 வருஷம் அதில் வாழ்ந்ததற்குக் காரணம், கிணறு உயர்ந்தது என்பதல்ல. வாராவாரம் அதே தண்ணீர் வந்தது, பழகிவிட்டன.

இப்போது உங்கள் தொட்டியில் அம்மோனியா தேங்கியிருக்கிறது. அம்மோனியாவுக்கு இரண்டு வேஷம். தண்ணீர் புளிப்பாக இருந்தால் அநேகமாக எல்லாம் அம்மோனியமாக, சாதுவாக இருக்கும். பி.ஹெச். ஒரு படி ஏறினால் விஷமாக மாறும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். 28 டிகிரித் தண்ணீரில் பி.ஹெச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷமில்லை, 8 என்றால் ஆறு ஏழு பங்கு. இந்த வாரம் கிணற்று வெள்ளத்தை விட்டு, அடுத்த வாரம் பஸ் வராமல் லைன் தண்ணீரை விட்டால், சாதுவாகக் கிடந்தது ஒரே மணி நேரத்தில் எழுந்துகொள்ளும். மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாமல் ஒருநாள் திடீரென்று முக்கால் தொட்டி மாற்றுகிறவர்கள் வீட்டில் மீன் சாவதும் இதே விதம்தான். “புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது பழைய தண்ணீர்.

கிணறு என்றால் குளோரின் இருக்காது என்பதும் இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் பரவினால் வீடு வீடாக வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். எங்கள் கிணற்றில் போட்டதை அம்மா எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். அந்த மாதம் நானும் உங்களைப் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரில் வளர்க்கிறவர்களுக்கு: சங்குத்துறைப் பக்கம் போனால் கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பி ஓடு ஒரு கை பொறுக்கி, உப்புப் போகக் கழுவி, கொதிக்கவைத்து ஃபில்டருக்குள் போட்டு வையுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது மெல்லக் கரைந்து தாங்கும். பஞ்சில் இருக்கும் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீரின் காரத்தை அதுவும் தின்கிறது, அதனால் வெட்டுக்கல் கிணற்றுக்காரர்களுக்கு இது அவசியம். லைன் தண்ணீர்க்காரர்கள் முதலில் பி.ஹெச். பார்த்துவிட்டு யோசிக்கலாம்.


குளச்சல் குப்பி

அண்ணே, நான் சொன்ன உப்பும் நீல மருந்தும் போட்டுவிடவில்லையே? ஆபரேட்டர் அண்ணாச்சி எழுதியதைப் படித்த பிறகுதான், நீல மருந்து பஞ்சில் மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும் என்று ஞாபகம் வந்தது.


கிணற்றடி

போடவில்லை தம்பி. கடை அடைத்திருந்தது, பிழைத்தேன்.


கிணற்றடி
மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலும் உயிரோடு இருக்கின்றன. அந்த ஞாயிறே கோட்டாறு போய் அக்கா வீட்டுப் பஞ்சை வாங்கிவந்து பிழிந்தேன். தொட்டி காப்பி நிறத்துக்குப் போனதும் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அக்காவின் சிரட்டைக் குற்றாலத்தையும் பார்த்தோம், இப்போது எங்கள் தொட்டியிலும் ஒன்று ஓடுகிறது.

சொட்டு மருந்து வாங்கி மூன்று இடத்தில் சோதித்தேன். லைன் வந்த அன்று கேட்டுக் குழாயில், ஓஸ் இல்லாமல்: நல்ல மஞ்சள். அதே நேரம் சம்ப்பில்: இளம் மஞ்சள், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மாடித் தொட்டியில்: வெறும் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை. புது ஓஸ் வழியாகப் பிடித்தாலும் கேட்டுத் தண்ணீர் அதே மஞ்சள்தான். ஓஸிடம் மன்னிப்புக் கேட்டேன். வாடை போக இரண்டு நாள் வாழைக்கும் செம்பருத்திக்கும் மட்டும் ஓட விட்டேன்.

மோட்டாருக்குக் கன்டென்சர் மாற்றியாகிவிட்டது. வழக்கம் போல மாடித் தண்ணீர்தான், காலை 7 மணிக்குள். ஆனாலும் ஹைப்போக் கரைசல் 14 மில்லி முதலில் உள்ளே போகும். மோட்டாரை இனி நான் நம்புவதாக இல்லை. பாதிக்குப் பதிலாகக் கால்வாசி மாற்றுகிறேன்.

அப்பாவிடம் பி.ஹெச். கதையைச் சொன்னேன். “நம்ம வெள்ளம் புளிக்குமா? எவன்லேய் சொன்னான்?” என்று இரண்டு நாள் போனில் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கேன் பஸ்ஸில் வந்து இறங்கியது. அதில் ரசம் வைத்தோம்.

புது ஏஞ்சல் இன்னும் வாங்கவில்லை. ஆறு வாரம் போகட்டும் என்று ஆபரேட்டர் அண்ணாச்சி தனியாகச் சொன்னார். மகள் பெயர் மட்டும் தயாராக வைத்திருக்கிறாள், வாங்கும்வரை சொல்ல மாட்டாளாம். லைன் வருகிற நாளெல்லாம் கேட்டுக் குழாயில் சோதிப்பது இப்போது அவள் வேலை. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு நிறத்தையும் பென்சிலால் தீட்டுகிறாள். நேற்று குலசேகரம் பக்கம் நல்ல மழையாம். இன்று காலை குழாயடியிலிருந்து கத்தினாள்: “அப்பா, இன்னைக்கு மஞ்சள் பென்சில் பத்தாது, ஆரஞ்சு எடுத்துட்டு வா.”


பழைய ஆபரேட்டர்

ஆரஞ்சு என்றால் இன்று நேராக எதற்கும் விடாதீர்கள் தம்பி, பஞ்சையும் அதில் நனைக்காதீர்கள். சம்ப்பில் விழட்டும், நாளை மறுநாள் பார்க்கலாம். பிள்ளையிடம் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 22 வருஷத்தில் என் ரிஜிஸ்தரில் நான் நிறம் தீட்டியதில்லை.